ஆறு டிரா எடுத்த பயிற்சியாளர்

மலேசியாவின் கிள்ளானில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து போன ஆண்டு ஓய்வு பெற்றேன். அங்கே என்னை நம்பி ஒப்படைத்த வேலைகளில் நான் படுமோசமாகச் செய்தது கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்ததுதான். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு உதவும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

1. முதல் நாள்

மேனேஜர் செல்வநாதன் கூப்பிட்டார். "ராஜு, நீ போக்கர்ல கெட்டிக்காரனாமே. நம்ம டீம நீயே பாத்துக்க. இந்த வருஷம் தொழிற்சாலை லீக்ல கீழ் டிவிஷனுக்கு எறங்குனா டீமே வேணாம். பின்னால உள்ள திடல்ல லோரி நிப்பாட்டிருவேன்" என்றார்.

நான் கெட்டிக்காரன் என்று அவரிடம் சொன்னது யாரென்று யோசித்தேன். நானாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் போக்கர் சீட்டு ஆடுவோம். பந்தயம் கிடையாது, தோற்றவர் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும். பந்தை நான் உதைத்ததோ ஆரம்பப் பள்ளியோடு சரி.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த பதினைந்து பேரையும் திடலில் உட்கார வைத்து, பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தேன்.

"டைட்டா ஆடுறவன் பத்து தடவ சீட்டு வந்தா எட்டு தடவ கீழ போட்டுருவான். நல்ல சீட்டு வந்தாதான் எறங்குவான். லூசா ஆடுறவன் எது வந்தாலும் எறங்கி அடி வாங்குவான். நாம டைட்டு. எல்லாரும் நம்ம கோலுக்கு முன்னால நிக்கிறோம். நான் 'ஏறு'ன்னு கத்துனாதான் மேல ஏறணும்."

குழுவின் கேப்டன் குணா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கையைத் தூக்கினான். "அண்ணே, சீட்டு நல்லா இல்லன்னா அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கலாம். இங்க தொண்ணூறு நிமிஷம்தானே?"

நல்ல கேள்வி. சீட்டைக் கலைக்க ஆரம்பித்தேன்.

2. ஆறு சைபர்

ஆறு ஆட்டம் ஆடினோம். ஆறும் சைபருக்கு சைபர். கட்டுப்பாடு என்று நான் அதற்குப் பெயர் வைத்தேன். பையன்களின் வீட்டுக்காரம்மாக்கள் மூன்றாவது ஆட்டத்தோடு வேடிக்கை பார்க்க வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசி ஆட்டம் ரவாங் டயர் தொழிற்சாலையோடு. ஜெயித்தால் தப்பிப்போம், இன்னொரு டிரா என்றால் இறங்கிவிடுவோம். பன்னிரண்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு மூச்சுவிட இருந்த இடம் அந்தத் திடல் ஒன்றுதான். குணாவின் இரண்டு மகள்களும் அங்கேதான் சைக்கிள் பழகினார்கள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. ஆனாலும் டைட்டாகவே ஆடச் சொன்னேன்.

3. ரவாங்

பாதி நேரத்தில் மறுபடியும் சைபருக்கு சைபர். குணா என்னைத் தனியாகக் கூட்டிப்போனான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. 'ஏறு'ன்னு கத்துறதுக்கு முன்னால நீங்க கண்ணாடிய கழட்டி சட்டைல தொடைக்கிறீங்க. அவங்க கோச் பந்தப் பாக்கல, ஒங்களத்தான் பாக்குறாரு. நாங்க ஏறுறதுக்குள்ள அவங்க ஆளுங்க பின்னால போயி நின்னுடுறாங்க."

நம்பாமல் குனிந்து பார்த்தேன். சட்டையின் ஓரம் கசங்கிக் கிடந்தது.

"இப்ப என்னடா செய்யிறது?"

"கழட்டிக்கிட்டே இருங்க. கத்த மட்டும் வேணாம். எப்ப ஏறணும்னு நாங்க பாத்துக்குறோம்லா."

இரண்டாம் பாதியில் கண்ணாடியைக் கழற்றினேன். ரவாங் குழு மொத்தமும் பின்னால் ஓடியது. நம்மவர்கள் நின்ற இடத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி கழற்றினேன், மறுபடி ஓடினார்கள். ஐந்தாவது தடவை பாதிப் பேர்தான் ஓடினார்கள். ஏழாவது தடவை அவர்கள் கோச் சலிப்போடு கையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினார்.

கண்ணாடி என் கையில் இருந்தது. தூரத்தில் எங்கள் மஞ்சள் சட்டை ஒன்று பாய்ந்த மாதிரி இருந்தது, பிறகு ஒரே கூச்சல். "என்னாச்சு?" என்று பக்கத்தில் நின்ற ரிசர்வ் பையனைக் கேட்டேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்தப் பருவத்தில் நாங்கள் போட்ட ஒரே கோல் அது. குழுவின் பயிற்சியாளர் அதைப் பார்க்கவில்லை.

ஒன்றுக்குச் சைபர். திடல் தப்பியது. போக்கரில் இந்த ஏமாற்று வித்தையை ப்ளஃப் என்போம். சீட்டையே தொடாத குணா அதைச் செய்துகாட்டினான்.

திரும்பும்போது வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என் கண்ணாடி விஷயத்த எப்ப கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? டெங்கில் டீம்ல என் மச்சான் ஆடுறான். மூணாவது மேட்ச் முடிஞ்சு அவன்தான் சொன்னான். எல்லா டீமுக்கும் தெரியுமாம்."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேண்ணே, ரெண்டு மூணு தடவ. நீங்க சீட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, ஸ்டோரில் நடந்த காலைக் கூட்டங்களில் நான் கடைசியாகத்தான் பேசினேன்.