ஆறு மாதத்துக்கு ஒரே ஆள்

முடிவெட்டும் கடையில் என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி பம்பரத்தினுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் நாங்கள் வைத்தது இது. தலைக்குச் சாயம் பூசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை என் வாயால் சொல்ல எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வாய்த்த வினை ஒரு வெள்ளைக் கார். கணவருக்குக் கப்பலில் வேலை, போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். சொந்தக் காரை அடுத்தவருக்கு வாடகைக்கு விட ஒரு செயலி இருக்கிறது, சும்மா நின்றால் வண்டி கெட்டுவிடும், அதில் போட்டுவிடு என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். இவளுக்கோ ஓட்டத் தெரியாது. கடைக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாள். விற்றுத் தொலையேன் என்றேன்.

"அவரு இறங்கி வந்தா முதல்ல வண்டியத்தான் பாப்பாரு, அப்புறம்தான் என்னை" என்றாள். வருத்தமாக அல்ல, பெருமையாக.

வண்டியைப் பளபளவென்று கழுவி, இருக்கையில் ஒரு பூங்கொத்தை வைத்துப் படமெடுத்துப் போட்டாள். வந்தவர்களெல்லாம் ஒருநாள், அரைநாள் ஆட்கள். காதலியிடம் பந்தா காட்டப் போகிறவர்கள், கடற்கரைக்குப் போய்ப் பாதி மணலை வண்டிக்குள் அள்ளி வருகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் சாவி கொடுக்க வேண்டும், கீறல் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும், திரும்பி வந்ததும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஃபோன் அடித்தால் கத்தரியைப் போட்டுவிட்டுக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓடுவாள். ஒருமுறை ஒரு வங்கிக்காரர் ஒரு பக்கக் கிருதாவோடு கண்ணாடியையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடை முதலாளியை நாங்கள் அக்கா என்போம். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு, கடைக்குள் இனிமேல் கார் பேச்சே கூடாது என்றார். "இன்னொரு தடவ பாதியில விட்டுட்டு ஓடினேன்னா, நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றும் சொன்னார். அக்கா சொன்னால் சொன்னதுதான். அன்று பம்பரம் சாப்பிடவில்லை. பாதிநாள் ஆளில்லாத வீட்டைவிட அந்த நாற்காலிதான் அவளுக்கு வீடு.

மாதக்கணக்கில் எடுக்கிற ஒரே ஆள் கிடைத்தால் இந்த ஓட்டம் நிற்கும். பூங்கொத்தைத் தூக்கிப்போட்டாள். டிக்கியில் காய்கறிப் பைகளை அடுக்கிப் புதுப்படம் எடுத்தாள். நீண்ட நாளுக்கு எடுத்தால் வாடகை நன்றாகக் குறையும் என்று எழுதினாள். சொந்த வண்டி பழுதாகிக் கிடப்பவர்களுக்குத்தான் இரவல் வண்டி தேவைப்படும் என்று யாரோ சொல்ல, தினமும் காலையில் மெக்கானிக் கடைக்குப் போய், புதிதாக நசுங்கின வண்டி எதுவும் வந்ததா என்று ஆசையாக விசாரித்தாள். அவள் தலையைக் கண்டதும் மெக்கானிக் தன் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொள்வாராம். உண்மையில் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாள். சொந்தக் கதை, சோகக் கதை எல்லாம் சொல்லும் ஆட்கள் அவள் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் வாயைத் திறக்கத் தடை.

அப்படி ஒருநாள் உட்கார்ந்தவர் ஒரு நர்ஸ். ஊருக்குப் புதிது. பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வீங்கிப்போனதாகப் புலம்பிக்கொண்டே இருந்தார். பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தலை முழுக்கச் சாயம் பூசினாள். அப்போது பார்த்து ஃபோன். பின்னால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், மூன்று மாதத்துக்கு வேண்டும் என்றான் ஒருவன்.

அவள் அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையிலும் ஒரு தலை இருந்தது. போகாதே என்று தலையாட்டினேன். ஓடிவிட்டாள்.

நர்ஸ் சும்மா இருக்கவில்லை. கழுத்தில் கட்டிய கறுப்புத் துணியோடு எழுந்து, திட்டிக்கொண்டே பின்னால் போனார். அவர் பின்னால் நான், என் பின்னால் அக்கா.

நாங்கள் போவதற்குள், வந்தவன், படத்தில் வண்டி பெரிதாகத் தெரிந்தது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருந்தான். பம்பரம் சாவியோடு மரம்போல நின்றாள். அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

நின்று திட்டக் கால் வலித்ததோ என்னவோ, நர்ஸ் திறந்திருந்த கதவு வழியாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திட்டைத் தொடர்ந்தார். பாதியில் நிறுத்தினார். இருக்கையை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார். பிறகு, எத்தனையோ நாளைக்கப்புறம் உட்கார இடம் கிடைத்தவர்போல நன்றாகப் பின்னால் சாய்ந்தார். வெளிர் நிற உறையில் பெரிதாக ஒரு கறுப்புக் கறை.

எல்லோரும் அந்தக் கறையையே பார்த்தோம். நர்ஸும் திரும்பிப் பார்த்தார்.

"இது யாரு வண்டி?"

"எங்க வீட்டுக்காரரோடது. வாடகைக்கு விடுறேங்க."

"இந்தக் கறையோட இனிமே யாரு எடுப்பா? எனக்கு இங்க ஆறு மாச வேலை. நானே வச்சுக்கறேன்."

பம்பரம் அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் அப்போதுதான் அக்காவைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

அக்கா வண்டியைப் பார்த்தார், நர்ஸின் தலையைப் பார்த்தார்.

"சாயம் காஞ்சுட்டு இருக்கு. சீக்கிரம் கூட்டிட்டுப் போய் அலசு. உன் நாற்காலியில சாயம் பூசிக்க அடுத்த ஆள் வந்து காத்திருக்காங்க" என்றார்.