கொட்டகை மேல் ஒரு பரங்கிக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, ஒருவர் என்னைத் திட்டுவதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர் மேசை. கட்டம் போட்ட சட்டை. குரல் கணீரென்று இருந்தது.

"பேப்பர்ல எழுதறவனுக்கு இன்னா, ஃபேன் காத்துல உக்காந்துனு எழுதிட்றான். நாம வளைவு வளைவா ஏறி வந்து பேஜாரு பட வேண்டியிருக்குது. அந்த ஆளு மட்டும் கையில கெடைச்சான்..."

கை நீட்டினால் கிடைத்திருப்பேன். அவ்வளவு பக்கம். நல்ல வேளையாக, இந்தப் பத்தியின் மேலே வருகிற என் படம் பழையது. அதில் எனக்கு முடி இருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக வழுக்கைக்கு நன்றி சொன்னேன்.

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகையில் ஜவ்வாது மலை மேல் இருக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். ஏழுமலை, பூங்காவனம் என்று ஒரு தம்பதி நடத்துவது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர்கள், சொந்த நிலத்துக்குத் திரும்பி வந்து ஒரு தகரக் கொட்டகை, மூன்று மேசை போட்டு ஆரம்பித்தார்கள். நிலத்தில் என்ன விளைகிறதோ அதுதான் அன்றைக்கு இலையில். நான் போன அன்று பரங்கிக்காய் புளிக்குழம்பும் சாமைச் சோறும். ஒரு பத்தி முழுக்கக் குழம்பைப் பற்றியே எழுதிவிட்டு, போதாக்குறைக்குக் கடைசி வரியில், 'இந்தக் குழம்புக்காகவே மலை ஏறலாம்' என்று முடித்துவிட்டேன்.

நீங்களும் ஏறிவிட்டீர்கள்!

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொல்வதை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. வாசகர்கள் கேட்பார்கள் என்று எப்படி நினைப்பேன்?

கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஆரணி வாசகி ஒருவர், தன் மாமியார் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்ததைக் கல்யாணம் ஆன பிறகு அன்றுதான் பார்த்ததாக எழுதியிருந்தார். குடியாத்தத்திலிருந்து ஒருவர்: சோறு வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது, ஃபேன் இல்லை, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருவருக்கு நாக்கு எரிந்துவிட்டது. அதே நாள், அதே சட்டிக் குழம்பு, இன்னொருவருக்கு உறைப்பே இல்லை. ஒருவர் கீரையில் மண் என்கிறார். இன்னொருவர் கீரையில் மண்வாசனை, ஆஹா என்கிறார்.

நான் யாரை நம்புவது?

செல்போன் மேப்பில் நட்சத்திரம் வேறு போடுகிறார்களே... அதில் இங்கிலீஷில் இருந்ததையெல்லாம் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். 'ஆதென்டிக்' என்று ஒருவர் போட்டிருந்தார்.

"ஆதென்டிக்னா திட்டாம்மா, பாராட்டாம்மா?"

"இருட்டா இருக்குது, ஃபேன் இல்ல, ஆனா பிடிச்சிருக்குதுன்னு அர்த்தம்ப்பா."

பத்திரிகையிலிருந்து பக்கம் பார்க்கும் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, உங்க கடை மேட்டருக்கு ரெஸ்பான்ஸ் மிக்ஸடா வருது."

"மிக்ஸட்னா?"

"பாதி பேரு உங்களைக் கும்பிடறாங்க. மீதிப் பேரு தேடறாங்க."

அதற்குப் பிறகு எனக்கு எங்கே தூக்கம்? யாராவது எங்கள் ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னை உற்றுப் பார்த்தால், பரங்கிக்காய் விஷயமாக இருக்குமோ என்று அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுகிறேன்.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை ஏழுமலை போன் செய்தார்.

"சார், ஒரு தபா வந்துட்டுப் போங்க சார். அவ திருப்பூருக்கே போய்டலாம்ன்றா."

"ஏன், இன்னா ஆச்சு?"

"கீரையில மண்ணுன்னு எவனோ எழுதிட்டான் சார். நாலு தண்ணி அலசறவ அவ. அதுலர்ந்து சாப்பிட வர்றவங்க மூஞ்சியவே பாத்துனு நிக்கிறா. இந்த ஞாயித்துக்கெழமையும் யாராச்சும் மொகத்தைச் சுளிச்சினு எழுந்து போனா, திங்கக்கெழமை காலைல கம்பெனிக்குப் போன் போட்டுட்டு மூட்டை கட்டிடுவேன்றா. சொன்னா செய்வா சார்."

என்னுடைய ஒரு வரி, ஒரு குடும்பத்தை மறுபடி திருப்பூர் பஸ்ஸில் ஏற்றப் போகிறது.

வீட்டில் சொன்னேன். "அங்க போய் இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"தெரியல."

"அப்ப போய்ட்டு வாங்க. தெரியாம இங்க உக்காந்திருக்கறதுக்கு அங்க போய் உக்காருங்க. எனக்காச்சும் நிம்மதி."

மலைக்கு ஒரு நாளைக்கு ஏதோ சில பஸ்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் கையையே பார்த்தபடி போய்ச் சேர்ந்தேன். மலையில் தை மாதக் குளிர் இன்னும் விடவில்லை. நான் மட்டும் வியர்த்திருந்தேன்.

பூங்காவனம் என்னைப் பார்த்தார். "வாங்க சார்" என்றார். முகம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"கோவமாம்மா?"

"நீங்க எழுதறதுக்கு மின்ன நாலு பேரு வருவாங்க. இன்னா போட்டாலும் துன்னுட்டுப் போவாங்க. இப்ப வர்றவங்கல்லாம் பரங்கிக்காயப் பாக்க வர்றாங்க. பரங்கிக்காய்க்கு நான் எங்க போவேன்? நெலத்துல காய்ச்ச மொத்தமும் உங்க ஆளுங்க துன்னுட்டாங்க."

'உங்க ஆளுங்க' என்பது நீங்கள்தான்.

விதைக்கென்று மூன்று காயை விட்டு வைத்திருந்தாராம். யாரோ சண்டை போட்டார்கள் என்று ஏழுமலை பயந்துபோய் இரண்டை அறுத்துவிட்டார். மிச்சம் ஒன்று. கொட்டகைத் தகரத்தின் மேல், பாதி காய்ந்த கொடியில், நல்ல குண்டாக உட்கார்ந்திருந்தது. காம்பில் ஒரு சிவப்புத் துணி. புருஷன் கை வைக்கக் கூடாது என்பதற்கு அடையாளம் அது. காம்பு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அறுக்க வேண்டும். அதற்கு முன்னால் அறுத்தால் உள்ளே விதை சப்பையாக இருக்கும், முளைக்காது.

அந்த நேரம் பார்த்துதான் கார் வந்து நின்றது. கட்டம் போட்ட சட்டைக்காரர், அவர் மனைவி, காலேஜில் படிக்கும் மகள். வேலூராம். உட்கார்ந்ததும் மனிதர் செல்போனை எடுத்து ஏழுமலையிடம் நீட்டினார். திரையில் என் பத்தி! போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

"இதுல போட்டிருக்கிற கொழம்பு. மூணு பேருக்கு."

"இன்னிக்கு மொச்சக்கொட்டைக் கொழம்புங்க. அவரைக்காய்ப் பொரியல். பரங்கி தீந்துபோச்சுங்க."

"தீந்துபோச்சா? மேல இருக்குதே அது இன்னா, ஃபுட்பாலா?"

ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"ஃபார்ம் டு டேபிள்னுதானே மேப்ல போட்டிருக்கு அங்கிள்?" என்றாள் மகள். "ஃபார்ம்ல இருக்கு. டேபிளுக்கு ஏன் வரல?"

சாமை ஆறினால் விறைத்துவிடும். ஆள் வந்த பிறகுதான் உலை வைப்பார்கள். எனவே காத்திருப்பு. காத்திருக்கும் மனிதனுக்குப் பேச ஏதாவது வேண்டும் இல்லையா? நான் கிடைத்தேன். மேலே நீங்கள் படித்த திட்டு அப்போது ஆரம்பித்ததுதான். நான் தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன்.

எனக்குப் பின்னால், கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. அங்கே வேறொரு சண்டை.

"அறுத்துடலாம்டி. ஒரு காய்தானே."

"ஒரு காய்தான். அதத்தான் நானும் சொல்றேன்."

"வெதை கடையில வாங்கிக்கலாம்."

"வாங்கினியே ஒரு வருஷம். கொடி கொட்டகைய மூடுச்சு. காய் எங்க?"

"இவுங்க கோச்சினு எழுந்து போய்ட்டா நாளைக்கு நீ திருப்பூர்ன்னுவ."

ஈரக் கையைத் துடைக்கிற சத்தம்... பிறகு பூங்காவனத்தின் குரல், ரொம்பச் சின்னதாக.

"சரி. ஏறு."

ஏணி தகரத்தில் சாய்கிற சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் தைரியசாலி எழுந்து நிற்பான் என்று கதைகளில் வரும். நான் பயத்தில் எழுந்து நின்றேன். அந்தக் காயை அறுத்துவிட்டால், அடுத்த வருஷம் முழுக்க எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும். அந்தப் பயம் கட்டம் போட்ட சட்டையின் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான்.

"சார்... அத எழுதினது நான்தான்."

அவர் செல்போனைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"படத்துல முடி இருக்குது?"

"அப்ப இருந்துச்சுங்க."

மகள் குபீரென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் காய் வெதைக்கு வெச்சிருக்காங்க சார். இன்னிக்கு அறுத்துட்டா அடுத்த வருஷம் துன்றதுக்கும் இருக்காது, நான் எழுதறதுக்கும் இருக்காது. பரங்கி எந்த மாசம் போனாலும் கெடைக்கும்ன்ற மாதிரி எழுதினது என் தப்பு."

"அத ஒரு வரி போட்டிருந்தா உங்க கைய இன்னா தேளா கொட்டும்?"

நியாயமான கேள்வி.

ஆள் கையில் கிடைத்தாகிவிட்டது, சும்மா விடுவாரா? நான் ஒரு வாரம் இந்தப் பத்தியில் பல்வலிக்குக் கிராம்பு வைக்கச் சொன்னதும், அதை வைத்து அவர் மனைவிக்கு வாய் வெந்துபோனதும் வெளியே வந்தன. "நான்தான் ஒரு கைப்பிடி வெச்சிட்டேன், அவரை ஏன் திட்றீங்க?" என்று அந்த அம்மா என் பக்கம் பேச, அவர் அந்த அம்மாவைத் திட்ட, மகள் வீடியோ எடுக்கலாமா என்று யோசிக்க... ஏணியில் பாதி ஏறிய ஏழுமலை, கையில் அரிவாளோடு அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குய்யா" என்றார் பூங்காவனம். "சோறு வெந்துடுச்சு."

இலை போட்டார்கள். சாமைச் சோறு ஆவி பறக்க வந்தது. பூங்காவனம் தடுப்பின் ஓரமாக நின்று மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பூங்காவனத்தைப் பார்த்தேன்.

"உப்பு கம்மி" என்றார் கட்டம் போட்ட சட்டை.

"சரியாத்தான் இருக்குது" என்றார் அவர் மனைவி.

"சோறு சூப்பர். கொழம்பு ஓகே. பொரியல் எனக்கு வேணாம்" என்றாள் மகள்.

ஒரே மேசை, ஒரே சட்டி, ஒரே குடும்பம். கடிதங்களில் வந்த அத்தனை அபிப்பிராயங்களும் அங்கேயே இருந்தன. இத்தனை நாள் நான் குழம்பில் என்ன கோளாறு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவில் பிள்ளை வாந்தி எடுத்திருந்தால் அந்த அப்பாவுக்கு எந்தக் குழம்பும் சுமார்தான். மாமியாரின் வாயை மூடிவிட்டால் அந்த மருமகளுக்கு அதே குழம்பு அமிர்தம். சமைக்கிறவர் கையில் இருப்பது உப்பும் புளியும் மட்டும்தானே? ஆனால்... உப்பு கொஞ்சம் கம்மிதான். நானும் சாப்பிட்டேன். அதையும் சொல்லாமல் விட்டால் மறுபடி மாட்டிக்கொள்வேன்.

"கொஞ்சம் கொழம்பு" என்று மறுபடி கை காட்டினார் அவர். அது மூன்றாவது முறை.

பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை. "உப்பு கம்மின்னுட்டு மூணாந்தபா கேக்கறீங்களேங்க?"

"கம்மியா இருக்குதேம்மா. அதான் நெறையத் துன்னு சரி பண்ணிக்கிறேன்."

பூங்காவனம் சிரித்துவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், அங்கேயும் சிரித்தார். உப்பு டப்பாவோடுதான் திரும்பி வந்தார்.

கிளம்பும்போது அந்த மனிதர் கொட்டகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "இது எப்ப காயும்?"

"மாசி ஆவுங்க."

"வெதைய எடுத்துட்டு சதைய இன்னா பண்ணுவீங்க?"

"கொழம்புதான். வேற இன்னா?"

"அப்ப அன்னிக்குக் கூப்பிடுங்க. மூணு பேரும் வர்றோம்."

அடுப்புக் கரியை எடுத்துச் சமையல்கட்டுச் சுவரில் தன் நம்பரைப் பெரிதாக எழுதினார். பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டு, "கண்டிப்பா கூப்பிட்றேங்க. வந்துடுங்க" என்றார்.

மாசிக்கு ஆள் கூப்பிடுகிறவர் திங்கட்கிழமை எப்படித் திருப்பூர் போவார்? ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். அவருக்கும் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே மேப்பில் புதிதாக ஒன்று வந்திருந்தது. மூன்று நட்சத்திரம். 'உப்பு கம்மி. மறுபடி போவோம்.'

கடையின் ஊர்ப் பெயரை இந்த வாரம் நான் வேண்டுமென்றேதான் போடவில்லை. தெரிந்தவர்கள் போனால், அன்றைக்கு இருப்பதைச் சாப்பிடுங்கள். அண்ணாந்து மட்டும் பார்க்காதீர்கள்.

இதோடு என் கவலை தீர்ந்ததா? எங்கே! மலையில் குரங்கு உண்டு. கரடிகூட வரும் என்கிறார்கள். மழை பெய்தால் காம்பு அழுகும். ஏழுமலைக்கு வேறு பயம் வந்தால் கை அரிவாளுக்குப் போகும். ஒரே ஒரு காய்... மாசி வரைக்கும் அது தகரத்தின் மேல் தனியாக இருக்க வேண்டுமே?

திங்கட்கிழமை காலையிலேயே போன் போட்டேன். பூங்காவனம்தான் எடுத்தார். பின்னால் சேவல் கூவியது. திருப்பூர் இல்லை. அதற்குப் பிறகு தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்றும் கேட்டேன், "பரங்கி எப்படிம்மா இருக்குது?"

"பரங்கி நல்லாத்தான் இருக்குதுண்ணா. நீங்கதான் கொஞ்சம் ஒடம்பப் பாத்துக்கங்க."