செவந்தி அக்காவின் முறை

பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால், அவர்கள் முடிப்பதற்குள் சிரித்துவிடுகிற ஆள் நான். வேப்பிலை அடிக்க வந்த கோடாங்கியிடமே, "அண்ணாச்சி, அப்படியே எங்க வீட்டு மூட்டைப்பூச்சிக்கும் ரெண்டு அடி போடுங்க" என்று கேட்டவள். நீங்களும் சிரிப்பீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குக் கிணற்றுத் தெரு என்று பெயர், கிணறுதான் கிடையாது. ஒரு காலத்தில் பருத்தி ஏற்றி மில்லுக்குப் போகிற வண்டிகள் அங்கிருந்த கிணற்றடியில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டுமாம். ஊரெல்லாம் உப்புத் தண்ணீர், அந்தக் கிணறு ஒன்றுதான் இனிப்பாம். லாரி வந்தது, வண்டி போனது, கிணற்றை மூடி அதன் தலையிலேயே ஒரு குழாயை நட்டுவிட்டார்கள். எண்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம், அந்தக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை, மத்தியானம் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். வீட்டுக்கு ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போய்விடுவோம். ஒரு கல்லுக்கு ஒரு முறை.

நான் ரெண்டு கல் வைத்தேன். பழைய கிணற்றுச் சுவரில் மிஞ்சிக் கிடந்த கல்லைத் தூக்கி வைத்து, "இது மூலைவீட்டுக்குக் குடிவந்திருக்க செவந்தியக்கா கல்லு. பாவம், வேலைக்குப் போயிருக்காவ, நானே புடிச்சு வைக்கேன்" என்று அளந்துவிட்டேன். அப்படி ஒருத்தியே கிடையாது. செவந்திக்கு வயிற்றுவலி என்றேன், எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் ஓமக்கசாயம் போட்டுக் கொடுத்தாள். வீணாக்கலாமா, நானே குடித்தேன்.

என் மகளைப் பெண் பார்க்கக் கழுகுமலையிலிருந்து வருகிற நாளும் வந்தது. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, காப்பி போடக்கூட. கேசரி கிண்டுகிற மும்முரத்தில் நேரத்தை விட்டுவிட்டு ஓடினால், குழாய் காற்றைத்தான் கக்கியது.

"நம்ம முறை என்னாச்சு பேச்சி?"

"ரெண்டு முறையையும் செவந்தியக்காவே வந்து புடிச்சிட்டுப் போயிட்டாவளே மதினி!"

"எந்த செவந்தி?"

"என்ன மதினி இப்படிக் கேக்குதீங்க? ஓமக்கசாயம் குடிச்ச செவந்திதான். வயித்துவலி தேவலையாக்கான்னு கேட்டேன், எனக்கு ஏது வயித்துவலின்னு சிரிக்காவ."

காலிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஒரு மண்குடம், எங்கள் வீட்டுக் குடம் இல்லை, தளும்பத் தளும்பத் தண்ணீர். ஒரு வாய் குடித்தேன். இளநீர் மாதிரி இனித்தது. பயம் ஒருபக்கம் இருந்தாலும் விருந்தாளி வருகிறார்களே, காப்பியைப் போட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னாள்: "காப்பி அருமையா இருக்கு. தெருவுல நுழைஞ்சதும் ஒரு அக்காதான் வீட்டைக் காமிச்சாவ, இடுப்புல குடம். காப்பிக்குத் தண்ணி வச்சாச்சு, இனிமே என் முறையை எனக்கே விட்டுறச் சொல்லுங்கன்னாவ. யாரு அவிய?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கல்யாணம் முடிந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. ஆனாலும் தண்ணீர் வந்தால் முதல் குடம் அளவைச் சும்மா தரையில் ஓடவிட்டுத்தான் என் குடத்தை வைப்பேன். ஊருக்கு வந்தால் மகள், "ஏம்மா தண்ணிய வீணாக்குதீங்க?" என்று கத்துவாள்.

வீணாகவில்லை. அவ்வளவு தண்ணீர் ஓடியும், அந்த ஒரு குடத்துக்கு மட்டும் குழாயடி நனைவதே இல்லை.