எலிகளின் தட்டில் என் ரத்தம்

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது ஆய்வகத்துக்குத் திரும்பினேன். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் தாய் எலிக்குக் குறைந்தால் குட்டிகளின் மூளை வளர்ச்சியில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் பத்து ஆண்டுகளாக என் வேலை. கருத்தரங்குகளில் இதைப் பற்றித் தடுமாறாமல் பேசியிருக்கிறேன். என் பால் என் மகளுக்குப் போதுமா என்பது மட்டும் தெரியவில்லை.

அந்த மாதம் அவள் எடை கொஞ்சம்தான் ஏறியிருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார், "பிள்ள உறிஞ்சிப் பாத்துட்டு அழுதுல்லா. பால் பத்தலையோ என்னமோ," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டு மறந்திருப்பேன்.

அதே வாரம் தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். ஒரு குழாய் கூடுதலாக எடுக்கச் சொல்லி, ஆய்வகத்துக்கு எடுத்து வந்தேன். தாய் எலிகளின் ரத்தத்தில் அந்த ஹார்மோனை அளக்கும் நாள் அது. தொண்ணூற்றாறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் கடைசி இரண்டு மிஞ்சின. அவற்றில் என் ரத்தநீரை விட்டேன். நாங்கள் பயன்படுத்தும் பரிசோதனைக் கிட் எலியின் புரோலாக்டினை மட்டுமே பிடிக்கும். மனிதருடையதை அடையாளம் காணாது. இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஹார்மோன் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக மஞ்சள் ஏறும். எலிகளின் குழிகளெல்லாம் மஞ்சளாயின. என்னுடைய இரண்டும் தண்ணீர் போலவே இருந்தன.

அர்த்தமில்லாத முடிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பால்பவுடர் டப்பா வாங்கினேன்.

முதலில் ஒரு வேளை, பிறகு மூன்று வேளை. பிள்ளை உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பும் குறையும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. மதியம் ஆய்வக ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப் வைத்து எடுக்கும் பால் அரை பாட்டிலிலிருந்து கால் பாட்டிலாகியது. 'பார், குறைவாகத்தான் இருந்திருக்கிறது' என்று மனம் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து, எங்கள் டெக்னீஷியன் முடிவுகளை ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாகர்கோவில்காரர், என்னைவிட மூத்த அக்கா. பிறர் முன்னால் என்னை மேடம் என்பார். தனியாக இருந்தால் ஊர் வழக்கப்படி, மகளே என்பதுபோல், 'மக்களே'.

"மக்களே, இந்தக் கடைசி ரெண்டு குழி ஆருக்கது? பேரு இல்ல."

"என்னோடதுதான் அக்கா."

"நீ எப்போ எலியான?"

"என் ரத்தம்தான் வச்சேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "எலிக்க கிட்டுல மனுசிக்க ரத்தத்த வச்சா அது என்ன சொல்லும்? பூனை வருதுன்னு சொல்லும்."

நானும் சிரித்தேன். பிறகு, "அதப் பாத்துட்டுதான்கா டப்பா பால் குடுக்க ஆரம்பிச்சேன்," என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"தெரிஞ்சேவா செஞ்ச?"

அவர் ஃபைலை என் பக்கம் தள்ளினார். இரண்டு கட்டங்களிலும் 'ஆய்வாளரின் ரத்தம், செல்லாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

வீட்டில் மகளை மார்போடு அணைத்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். நான்கைந்து தடவை உறிஞ்சினாள்; பாட்டிலில் வருவதுபோல் உடனே வரவில்லை என்றதும் முதுகை வளைத்து வீறிட்டாள். மாமியார் பாட்டிலோடு வந்து நின்றார்.

"ஒரு பத்து நிமிஷம், அத்தை."

"பத்து நிமிஷம்னா அதுக்குத் தெரியுமா? பசிதான் தெரியும்."

பொறுத்திருந்தால் இழுத்துக் குடித்திருப்பாளா, அல்லது ஆய்வகத்தில் செய்த தவற்றுக்குப் பசித்த பிள்ளையைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேனா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கி மகளின் வாயில் வைத்தேன். கண்ணீர் காயாத முகத்தோடு வேகவேகமாகக் குடித்தாள். அடுத்த வேளை முதலில் மார்பில்தான் விட வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். மகள் தூங்கிய பிறகு, அப்படிச் சொன்னதும் சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.