பலா மரத்தில் நான், கீழே முகூர்த்தம்

பலாப்பழத்துக்கும் தேனீக் கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனைக் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க அனுப்பினால் என்ன ஆகும் என்று என்னிடம் கேளுங்கள். அந்த ஒருவன் நான்தான். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சொந்த ஸ்டூடியோ, வாசலில் என் படத்தையே பெரிதாகப் போட்ட போர்டு, கழுத்தில் கேமரா. இத்தனை இருந்து என்ன, கண் இருக்க வேண்டிய இடத்தில் திமிர் இருந்தது.

கல்வராயன் மலையில் வைகாசிக் கல்யாணம். பெண் வீட்டு வாசலில் சிவப்புத் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். சிவப்புத் துணி என்றாலே எனக்கு ஆகாது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எலவனாசூர்கோட்டையில் இதே மாதிரி ஒரு பந்தலில் படம் எடுத்திருந்தேன். துணி வழியாக இறங்கிய கோடை வெயில் அத்தனை பேர் முகத்திலும் சிவப்பைப் பூசிவிட்டது. ஆல்பத்தைப் புரட்டிய மாப்பிள்ளையின் அப்பா, "இன்னாப்பா இது, கல்யாணமா பஞ்சாயத்தா? எல்லாரும் கோவமா கீறாங்க" என்றார். அதனால் மலைக்கு வந்து இறங்கியதுமே, தாலி கட்டுவதைப் பந்தலில் வைக்க வேண்டாம், எதிரே நிற்கும் பலா மரத்து நிழலில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "அப்ப பந்தல எதுக்குப் போட்டோம்? காக்கா குந்தறதுக்கா?"

"ஐயா, பந்தல்ல எடுத்தா பொண்ணு தக்காளி மாதிரி வுழும். நெழல்ல எடுத்துப் பாருங்க, லட்சணமா இருக்கும்."

அவர் மரத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "செரி, உன் இஷ்டம். எனக்கு ஒரே பொண்ணு. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா உன்னதான் கேப்பேன்."

நான் சிரித்தேன். போட்டோக்காரனுக்குத் தொழிலே அதுதானே.

காலை முழுக்கக் கூட்டத்தைப் பழக்கினேன். நான் கையைத் தூக்கினால் எல்லாரும் ஆடாமல் சிரிக்க வேண்டும். கையை வீசினால் நெருங்கி நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் குழந்தைகள்கூடக் கற்றுக்கொண்டன. மணப்பெண் ஒருத்திதான் மசியவில்லை.

"சிரிங்கம்மா. காசா பணமா?"

"சிரிப்பு வந்தா சிரிக்கறேன்ணா."

"வர்ற வரைக்கும் பிலிம் தாங்காதும்மா. சிரிங்க."

விடியற்காலையிலிருந்து பட்டுப்புடவையில் வெந்துகொண்டிருக்கிறவளிடம் இதைப் பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேமரா லென்ஸே உள்ளே இழுத்துக்கொண்டது.

முகூர்த்தம் நெருங்கியதும் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. மேலேயிருந்து எடுத்தால் மணமக்களும் சுற்றி நிற்கும் சொந்தமும் ஒரே படத்தில் விழுவார்கள். ஏணி வைத்து மரத்தில் ஏறி, ஒரு கிளையில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். மைக்செட்காரர் கீழே வந்து, "ரெண்டு நிமிசம்ணா, அந்தாண்ட மரத்துல கொழா ஸ்பீக்கர கட்டிட்டு ஏணியக் கொண்டாந்துடறேன்" என்றார். ராஜா மாதிரி தலையசைத்து ஏணியைக் கொடுத்தேன்.

உட்கார வசதியாக இல்லை. வலது பக்கம் இலைக்கு நடுவே, கருத்துப்போன பெரிய பலாப்பழம் ஒன்று தொங்கியது. அதில் கையூன்றிக்கொள்ளலாம் என்று நீட்டினேன். ஒரு சாண் தூரத்தில் கை நின்றது.

பழம் மூச்சு விட்டது.

மேலிருந்து கீழாக அதன் தோலில் ஓர் அலை ஓடியது. தேனீ மேல் தேனீ, அதற்கு மேல் தேனீ. முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கிய கூட்டமாம், பிறகு சொன்னார்கள். கல்யாண அவசரத்தில் யார் கண்ணிலும் படவில்லை. கீழேயிருந்து பார்த்தவர்களுக்கும் அது இலைக்கு நடுவே ஒரு பலாப்பழம்தான். கையை இழுத்துக்கொண்டேன். உடம்பில் வேறு எதையும் அசைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கீழே நேராக மேளக்காரர் உட்கார்ந்து தவுல் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். தாலி ஏறும் நேரத்தில் அவர் அடிக்கப்போகும் அடி எனக்குத் தெரியும், மலையே அதிரும். அவரைச் சுற்றிக் கைக்குழந்தைக்காரிகள், கயிற்றுக் கட்டிலில் எழுந்திருக்க முடியாத ஒரு கிழவர், நடுவில் அந்த ஒரே பெண். அத்தனை பேரையும் பந்தலிலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவன் நான். கத்தலாம். கத்தினால் கூட்டமும் சேர்ந்து கத்தும். அதன் பிறகு நடப்பதற்குப் போட்டோ தேவையில்லை.

சத்தம் போடாமல் கையைத் தூக்கினேன்.

எல்லாரும் ஆடாமல் சிரித்தார்கள்.

வேண்டாம், போங்க, போங்க என்று கையை வீசினேன். எல்லாரும் நெருங்கி நின்றார்கள். ஒருவர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். கிழவரைக்கூட நிமிர்த்தி உட்கார வைத்து, "மேல பாரு மாமா, போட்டோ புடிக்கறாரு" என்றார்கள். அவரும் பொக்கை வாயைத் திறந்தார்.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். படம் முடிந்தது என்று நினைத்தாவது கலைந்து போவார்களா என்று. பாதி மாப்பிள்ளையைக் காணோம். லென்ஸின் மேல் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

தாலித் தட்டு சுற்றி வந்தது. மேளக்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். என் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. கீழே வரிசை வரிசையாகப் பல்.

மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து எல்லாரையும் சிரிக்கச் சொன்னவன் முகத்தில் ரத்தமே இல்லையே என்று பார்த்திருக்க வேண்டும். நான் கண்ணை மட்டும் வலது பக்கம் திருப்பினேன். அவள் கண்ணும் திரும்பியது. அங்கேயே நின்றது.

"அப்பா." குரல் ஏறவே இல்லை. "மேளம் வேணாம்."

"இன்னாது? மேளம் இல்லாம தாலியா?"

"மேல பாருங்க. மெதுவா பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தேனீயே மேல். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நடந்துபோய், தவுலின் மேல் போர்த்தினார். மேளக்காரரின் குச்சி துண்டுக்கு மேலே அப்படியே நின்றது.

முகூர்த்தத்தைத் தள்ள முடியாது. விஷயம் காதோடு காதாகப் பரவ, சத்தமே இல்லாமல் தாலி ஏறியது. மூன்று முடிச்சுக்கும் யாரும் இருமவில்லை. ஒரு குழந்தை சிணுங்க, அதன் வாய்க்குள் வாழைப்பழம் போனது. ஃப்ளாஷை அணைத்துவிட்டுப் படத்தை எடுத்தேன். அந்தக் கிளிக் எனக்கு வேட்டு மாதிரி கேட்டது. தேனீக் கூட்டத்தின் தோலில் மறுபடி ஓர் அலை ஓடி அடங்கியது. அரிசியை யாரும் தூவவில்லை. ஒவ்வொருவராக வந்து, மணமக்கள் தலையில் பதமாக வைத்துவிட்டு, நுனிக்காலில் பந்தலுக்கு நடந்தார்கள். கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஏணி அந்தாண்டை மரத்தில் சாய்ந்திருந்தது. எனக்காக அதை எடுத்து வர யாருக்கும் அவசரம் இல்லை.

மணப்பெண் கடைசியாகத்தான் எழுந்தாள். மாலையைப் பிடித்துக்கொண்டு என் காலுக்குக் கீழே வரும்போது, உதட்டை அசைக்காமல் கெஞ்சினேன். "யம்மா, ஏணி. ஏணியக் கொண்டாரச் சொல்லும்மா."

அவள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"சிரிங்கண்ணா."