பஞ்சவர்ணம் பெரியம்மாவுக்கு பி.எஃப். எடுத்துக்கொடுத்த கதை

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர் கைக்கு ஊரிலுள்ள எல்லார் ஆதார் நம்பரும் வந்துபோகும். ஒருவர் வீட்டு நிலவரமும் தெரியாது. இந்த உண்மை எனக்கு உறைக்க ஒன்றரை வருடம் ஆனது. காலையில் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம், மூன்று மணிக்கு மேல் பழங்காநத்தத்தில் கோபால் அண்ணே கடை. வகுப்பில் பேராசிரியர்களிடம் வாதாடித் தோற்றதையெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் என் இனத்தவர்களே, நீங்களும் எங்காவது வாயைக் கொடுத்திருப்பீர்கள். அப்புறம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தால், இது உங்களுக்காக எழுதியதுதான்.

எங்கள் கடையில் பி.எஃப். வேலை அதிகம். மில்லிலும் கம்பெனியிலும் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த பணம், ரிட்டயர் ஆனதும் கேள்வியாக எழுந்து நிற்கும்: அங்கேயே விட்டுவைப்பதா, எடுத்து வேறு இடத்தில் போடுவதா? பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றுதான் அண்ணே என்னை வேலைக்கு வைத்தார். பதில் சொல்லும் வேலையை நானாக எடுத்துக்கொண்டேன்.

தினம் ஒரு முடிவு

ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார், வாரத்துக்கு நான்கு நாள் வருவார். திங்கள்கிழமை பேங்க் டெபாசிட், செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸ், புதன்கிழமை வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சொன்ன ஷேர். மூன்று தடவை பாரத்தை முழுக்க நிரப்பி, அனுப்பும் பொத்தான்வரை போய், "இரும்மா, ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று போனவர்தான். நான் விடவில்லை. ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன ஆபத்து என்று எழுதி, "சார், உங்களுக்கு முடிவெடுக்கத் தெரியலைன்னு ஒத்துக்கங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அப்பாவின் வயது அவருக்கு. எனக்கு அப்போது அது தைரியமாகத் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் என்னைத் திட்டாமல் அவரைக் காப்பாற்றினார். "விடு கண்ணு. ரிட்டயராகி ஆறு மாசமாச்சு, காலைல கெளம்பிப் போக இவருக்கு இந்தப் பணத்த விட்டா வேற ஆபீஸே இல்ல."

கட்டம் இல்லாத பாரம்

காஜிமார் தெருப் பக்கமிருந்து ஒரு பாய் வந்தார். டயர் கம்பெனியில் முப்பது வருடம் வேலை. "எங்கிட்டப் பிடிச்சதையும் கம்பெனி போட்டதையும் மட்டும் எடுத்துக் குடும்மா. வட்டி வேணாம், ஹராம்" என்றார். அப்படித் தனியாகப் பிரிக்க வழியில்லை, எல்லாம் சேர்ந்துதான் வரும் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். விலைவாசி ஏறுகிறது, அன்றைக்குப் போட்ட ரூபாய்க்கு இன்றைக்கு மதிப்பு இல்லை, ஆகவே வட்டி என்பது உங்கள் பணத்தின் தேய்மானத்துக்கு ஈடு என்று கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசாவிட்டால் நான் ஜெயித்ததாக எடுத்துக்கொள்வேன். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் என்னைக் கவிழ்த்தது.

கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரையை ஒருமுறை பார்த்தார். "இம்புட்டு பெரிய பாரத்துல, வேணாம்னு சொல்றவனுக்கு ஒரு கட்டம்கூட இல்லையாம்மா?"

இருபது ரூபாய்

பஞ்சவர்ணம் பெரியம்மா மாதம் ஒருமுறை வருவார். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பாரம் எதுவும் நிரப்ப மாட்டார். பி.எஃப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பார்ப்பதற்கு பாஸ்வேர்டு போதும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். தொகையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போவார். பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பார்.

எனக்கு ஆத்திரமாக வரும். மாதப் பென்ஷன் என்று வருவது பலசரக்குக் கடைக்கே பத்தாது. இத்தனை பெரிய தொகையை அங்கே போட்டுவைத்து, அதைப் பார்ப்பதற்குக் காசு கொடுக்கிறாரே! ஒருநாள் கேட்டேவிட்டேன். "எடுத்து வேற எங்கயாச்சும் போட்டா மாசாமாசம் வட்டி வரும்ல பெரியம்மா? இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவர் சிரித்தார். "கெடக்கட்டும் பாப்பா. அது அங்க கெடக்குறதுதான் எனக்கு நல்லது."

நான் ஜெயித்த நாள்

நல்லது என்றால் எப்படி நல்லது? விளக்கம் சொல்லாமல் ஒருவர் ஒரு கருத்தை வைத்திருப்பது எனக்குப் பொறுக்காது. அடுத்த மாதம் அவர் வந்தபோது தயாராக இருந்தேன். ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆனால் அந்தக் கணக்கில் வட்டி நின்றுவிடும், ஒரு வருடத்துக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது, தபால் ஆபீசில் மாத வருமானத் திட்டம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். சொன்னது எதுவும் பொய்யில்லை. அதைச் சொல்லித்தான் இன்றும் மனசைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறேன், ஆக மாட்டேன் என்கிறது. "அது யாருக்கும் தெரியாம இருக்குமா பாப்பா?" என்று கேட்டார். "பாஸ்புக் உங்க கையில, யாருக்குத் தெரியும்?" என்றேன். ஏன் கேட்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. பேச்சில் அவர் ஒரு படி இறங்கிவிட்டார் என்பதில்தான் என் புத்தி இருந்தது. "சரி, போடு" என்றார்.

பாரத்தை நிரப்பினேன். பணத்தை எடுக்க ஓடிபி வேண்டும். அது ஆதாரில் இருக்கும் நம்பருக்குப் போகும். அது அவர் மகன் பாண்டியின் நம்பர். பெரியம்மா உடனே எழுந்துவிட்டார். "வேணாம் பாப்பா, இன்னொரு நாளைக்குப் பாப்போம்." ஜெயித்த வாதத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கவா? "பத்து நிமிஷத்துல காலாவதி ஆயிரும், இருங்க" என்று அவர் கையிலிருந்த பட்டன் போனை நானே வாங்கி, பாண்டி என்ற பெயரைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணே, உங்கம்மா பி.எஃப். பணம் சும்மா கெடக்குது, எடுக்கப் போறோம். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் நின்றது. "எங்கம்மாவுக்கு பி.எஃப். இருக்கா? தங்கச்சி கல்யாணத்துலயே எல்லாம் தீந்துருச்சுன்னுல்ல சொல்லுச்சு?"

கோபப்படாதவர்

போனை நான் அணைத்தேனா, பாண்டி அணைத்தாரா, ஞாபகமில்லை. பெரியம்மா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேச எனக்கும் ஏதாவது அகப்பட்டிருக்கும். "ஏன் பெரியம்மா மறைச்சீங்க? பையன் குடிப்பாரா? அடிப்பாரா?" என்று கேட்டேன். அப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் பாருங்கள்.

"சேச்சே, தங்கமான பய. நாள் வாடகைக்கு லோடு வண்டி ஓட்டுறான். ராத்திரி பகலா ஒழைக்கிறான், மிச்சம் ஒண்ணுமில்ல. அவன் கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது பாப்பா, அதுக்குத்தான் இல்லன்னே வச்சிருந்தேன்."

சர்வர் டவுன்

மறுநாள் பாண்டி அண்ணன் வந்தார். என் மனதில் ஒரு வில்லனைத் தயார்செய்து வைத்திருந்தேன். வந்தவரோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "தங்கச்சி" என்று கூப்பிட்டு, எனக்கும் கோபால் அண்ணனுக்கும் டீ சொன்னார். அம்மா பணத்தை எடுத்துத் தரச் சொன்னதும் சர்வர் டவுன் என்றேன். அடுத்த நாளும் சொன்னேன். மூன்றாம் நாள் கோபால் அண்ணே என்னைப் பின்னால் கூப்பிட்டார். வீட்டோடு சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அடுத்த டேபிள்ல அதே வெப்சைட் ஓடுதும்மா" என்றார்.

நான்காம் நாள் அம்மாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். "அண்ணே, பாதியாவது தபால் ஆபீஸ்ல போடுங்க. அது அவங்க கடைசிக் காலத்துக்கு" என்று ஆரம்பித்தேன். "சொந்த வண்டின்னா வாடகை மிச்சம் தங்கச்சி. அம்மாவ நான் விட்டுருவனா? அதோட, சும்மா கெடக்குற பணம்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். என் வாதத்தை என்னிடமே ஒருவர் இவ்வளவு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, வேண்டாம் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், கம்ப்யூட்டரையே அணைத்துவிடத் தயாராக இருந்தேன்.

அவர் மகன் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "நீ பேசுனது போதும் பாப்பா. பாரத்த அனுப்பு."

நன்றி

பணம் வந்தது. அதன்பிறகு பெரியம்மா கடைப் பக்கம் வரவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? நான்கு மாதம் கழித்து வாசலில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. கண்ணாடியில் 'அம்மா' என்று எழுதி, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. பாண்டி அண்ணன் இறங்கி வந்து, கடையில் நின்ற ஏழெட்டுப் பேர் முன்னால், "இந்தத் தங்கச்சி மட்டும் அன்னைக்குப் போன் போடலேன்னா எனக்கு இந்த வண்டியே இல்ல" என்று சொல்லி லட்டு டப்பாவை நீட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோபால் அண்ணே மட்டும் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். லட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கென்ன! வண்டி லோன் ட்யூ முடியிற வரைக்கும் நானும் கொஞ்சம் கை குடுக்குறேன்னு மறுபடி மில்லு வேன்ல ஏறிருச்சு. இப்ப காண்ட்ராக்ட்டு தங்கச்சி, பி.எஃப். எல்லாம் பிடிக்கிறதில்ல, முழுக் காசும் கைக்கு வந்துருது!"

யோசனை சொன்னதற்கு நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்தான், பஞ்சவர்ணம் பெரியம்மா பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து.