கேஸ் நட்டைத் திருப்பிக் கேட்டுப் போனேன்

விற்ற சாமானைத் திருப்பிக் கேட்டு ஊர் ஊராக அலைவதைப் போல மானங்கெட்ட பிழைப்பு பட்டறைத் தொழிலில் வேறு கிடையாது. கதவைத் தட்டிக் கெட்ட செய்தி சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு புரியும்.

தொண்ணூறுகளில் மலேசியாவில், செனாவாங்கில் ஒரு பட்டறையில் டாக்சிகளைக் கேசில் ஓடவைக்கும் சாமான்களைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கேஸ் அடைத்த உருளை, அதாவது தோம்பு, பின்பெட்டியில் இருக்கும். அதிலிருந்து இன்ஜினுக்குக் குழாய் போகும். அந்தக் குழாயைப் பிடித்திருக்கிற நட்டுகளில், ஒரே தடவையில் செய்த ஒரு கட்டு விரிசல் விடுகிறது, உடனே மாற்றுங்கள் என்று செய்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கட்டைச் சேர்ந்த மூன்று நட்டுகளைப் பக்கத்து ஊர் டாக்சிகள் மூன்றில் நான் பூட்டியிருந்தேன். புது நட்டுகளையும் ஸ்பானர் பையையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

பெடாஸ்: இனாம்

ஆரோக்கியம் அண்ணன் டாக்சியைத் தொடவே விடவில்லை. "இனாமா மாத்துறியா? அப்ப புதுசுலதான் ஏதோ கோளாறு" என்றார். நான் நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் அவர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து, "இவர்கிட்ட ஏன்ணே பேசுறீங்க, இந்தாங்க" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டார்.

மாற்றி முடித்து, பழைய நட்டில் ஓடியிருந்த மயிரிழை விரிசலைக் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்து நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதைக் குடுத்துட்டுப் போப்பா. புதுசு கெட்டுப்போச்சுன்னா மாட்டிக்கலாம்ல."

ரந்தாவ்: குளியல்

கோவிந்தன் அண்ணன் ஆயுத பூஜைக்கு டாக்சியோடு தோம்பையும் சேர்த்துக் கும்பிட்டிருந்தார். தோம்பு, குழாய், நட்டு எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். நட்டில் இருக்கிற கட்டு எண் தெரியவில்லை. சுரண்டக் கத்தியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "குளிச்சியா?"

"காலையில குளிச்சேண்ணே."

"செனாவாங்ல குளிச்சது செனாவாங்குக்கு. இங்க குளி."

வாசல் குழாயில் குளித்து, அவர் கைலியைக் கட்டிக்கொண்டு சுரண்டினேன். அதே கட்டுதான், விரிசல்கூட விட்டிருந்தது. அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "பொட்டு வச்சதாலதான் இத்தனை நாள் தாங்கியிருக்கு. புதுசுக்கும் நீயே வச்சுட்டுப் போ, குளிச்சிருக்கல்ல."

கோலா சாவா: வாடை

மூன்றாவது டாக்சி சின்னையாவுடையது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற வண்டி. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை போயும் ஆள் அகப்படவில்லை. வண்டியைப் பட்டறையில் பிடித்து வைத்துக்கொள்வேன் என்று பயந்து, என் மோட்டார் சத்தம் கேட்டாலே கிளம்பிவிடுவாராம்.

மூன்றாம் நாள் காலையில் தோட்டத்து முனையில் நடு ரோட்டில் நின்று மறித்தேன். உள்ளே ஒன்பது பிள்ளைகள். கசிந்தால் தெரியட்டும் என்று கேசில் அழுகின முட்டை மாதிரி ஒரு வாடையைக் கலந்துதான் அனுப்புவார்கள். கதவைத் திறந்ததும் அது குப்பென்று முகத்தில் அடித்தது.

"அண்ணே, கேஸ் நாறுது!"

"கேஸாவது ஒண்ணாவது! மத்தியானத்துல ரப்பர் கட்டிப்பால் மூட்டை ஏத்துறேன்லா, அந்த வாடை. ரெண்டு மாசமா இப்படித்தான்."

"ஆமா மாமா, எங்களுக்குப் பழகிருச்சு" என்றது ஒரு வாண்டு.

பிள்ளைகளை இறக்கித் தூரத்தில் நிற்க வைத்தேன். பின்பெட்டியைத் திறந்து, கசிவு பார்க்க நட்டின் மேல் சோப்பைக் கரைத்து ஊற்றினேன். கொழுகொழுவென்று நுரை பொங்கியது. சின்னையா காதில் சொருகியிருந்த சிகரெட்டை எடுத்துக் கால்வாயில் போட்டார். பிறகு பிள்ளைகளை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஒன்பது. திரும்பவும் எண்ணினார். நான் தோம்பை அடைத்து நட்டை மாற்றி முடித்தேன்.

அடுத்த வாரம் எதிரே வந்த சின்னையா வண்டியை நிறுத்தினார். பின்பெட்டி கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. "கட்டிப்பால் ஏத்துறதை விட்டுட்டேன்பா. இனிமே வாடை வந்தா, அது கேஸ்தான்னு எனக்குத் தெரியணும்."

நல்ல சாமான் என்று நான் சொன்னபோது ஒரே பேச்சில் நம்பிய இந்த மூன்று பேரும், கெட்ட சாமான் என்றபோது என்னைக் கெஞ்சவைத்து, குளிக்கவைத்து, நடு ரோட்டில் சோப்புக் கரைக்கவைத்த பிறகுதான் மாற்றவிட்டார்கள்.